விமானத்தைப் பார்க்காத கூட்டம்

இறந்தவர்களுக்குக் கண் திறந்து கொடுப்பது ரஞ்சிதாவின் வேலைகளில் ஒன்று. நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கம்ப்யூட்டர் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். சுற்றுப்பட்டு ஊர்களின் ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணப் படங்களையும் காதுகுத்துப் படங்களையும் அவளுக்கு அனுப்புவார்கள். அவள் ஆல்பமாக்கித் திருப்பி அனுப்புவாள். அவற்றுக்கு நடுவே, சொல்லாமல் கொள்ளாமல், கண் மூடிய ஒரு முகம் வந்து சேரும்.

காட்டிலும் தோட்டத்திலும் வாழ்ந்து முடித்த பலருக்குச் சுவரில் மாட்டும்படி ஒரு படம்கூட இருப்பதில்லை. இறந்த அன்றைக்குத்தான் வீட்டாருக்கு அது உறைக்கும். உடலை நாற்காலியில் உட்கார்த்தி, நெற்றியில் திருநீறு பூசி, தாடைக்கட்டை ஒரு நிமிஷம் அவிழ்த்துவிட்டு, ஸ்டுடியோக்காரரை எடுக்கச் சொல்வார்கள். மூக்கில் வைத்த பஞ்சை எடுப்பதும், சாய்ந்த தலையை நிமிர்த்துவதும், புதுச் சட்டை மாட்டுவதும் ரஞ்சிதாவுக்கு அரை மணி நேர வேலை. கண்தான் நேரம் பிடிக்கும். யாரோ ஒருவருடைய கண்ணை எடுத்து வைத்தால் அந்த முகம் வேறொருவராகிவிடும். அதனால் அவள் ஒரு வழிமுறை வைத்திருந்தாள். ரத்த சொந்தத்தில் ஒருவரை வெளிச்சத்தில் நிற்க வைத்து, கண்ணை மட்டும் படமெடுத்து அனுப்பச் சொல்வாள். மகன், மகள், கூடப் பிறந்தவர், யாராவது. அந்தக் கண்ணை எடுத்துப் பொருத்துவாள்.

பொருந்தியதா இல்லையா என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் தெரியாது. வெளியே போய், கீழே ஒரு டீ குடித்துவிட்டு, மாடியேறிக் கதவைத் திறக்க வேண்டும். திறந்ததும் அந்த முகம் அவளைப் பார்த்தால் பொருந்திவிட்டது என்று அர்த்தம்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. மேட்டூரில் பிறந்தவள். அப்பா அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் ஆளாக நிலக்கரி தள்ளியவர். பிளஸ் டூ முடித்ததும் நாமக்கல்லில் ஒரு கலர் லேபில் சேர்ந்தாள். கணவன் முருகானந்தம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான். மகள் இனியா கோயம்புத்தூர் ஹாஸ்டலில். ரஞ்சிதாவுக்குப் பேய் பயம் கிடையாது. தனிமை பழகியிருந்தது. பெரிதாகச் சந்தோஷப்பட்டாள் என்றும் சொல்ல முடியாது, வருத்தப்பட்டாள் என்றும் சொல்ல முடியாது. வேலையைச் சரியாகச் செய்கிறவர்களுக்கு வரும் ஒரு மந்தமான நிம்மதி அவளிடம் இருந்தது.

போன பங்குனியில் நவநீதகிருஷ்ணன் வந்தார். எருமப்பட்டிக்குக் கிழக்கே கல்லேரிப்பட்டி என்று ஒரு கிராமம். அங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கு நூறாவது வருஷ விழா வருகிறது. கூடத்தில் ஊர்ச் சரித்திரத்தைப் படங்களாக மாட்டப்போகிறார்கள்.

"சரித்திரம்னா பெருசா ஒண்ணுமில்லைம்மா," என்றார். "எங்க ஊருக்கு ஒருக்கா ஏரோப்ளேன் வந்துச்சு. அவ்வளவுதான்."

1946 பங்குனி. கல்லேரி வற்றிக் கிடந்தது. இரட்டை இறக்கை வைத்த சின்ன விமானம் ஒன்று இன்ஜின் கோளாறால் ஏரிக்குள் இறங்கியது. ஒரு வெள்ளைக்காரரும் ஒரு மெக்கானிக்கும் அதில் இருந்தார்கள். இரண்டு நாள் ரிப்பேர். சுற்றியுள்ள ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சேற்றுப் பொருக்கில் சக்கரம் பதிந்துவிட்டதால், நான்கு ஜோடி மாடு பூட்டி வடக்கயிறு கட்டி விமானத்தைக் கெட்டித் தரைக்கு இழுத்தார்கள். அதன் முன்னால் தேங்காய் உடைத்தார்கள். பிறகு அது பறந்து போயிற்று. படம் எதுவும் கிடையாது. அப்போதைய தலைமையாசிரியர் தன் டைரியில் எழுதிய பதினோரு வரிதான் ஆதாரம். வாத்தியார் அதிலிருந்து படித்துக் காட்டினார்.

"விமானம் எறங்கறது ஒண்ணு, மாடு இழுக்கறது ஒண்ணு, பறக்கறது ஒண்ணு. மூணு படம் வேணும். அந்தக் காலத்துப் படமாட்ட இருக்கோணும். மூஞ்சி நம்ம பக்கத்து மூஞ்சியா இருக்கோணும்."

விமானமும் மாடும் ஏரியும் நான்கு நாளில் ஆயின. ஏரியை நேரில் போய் எடுத்தாள். மாட்டை மோகனூர் சந்தையில் எடுத்தாள். விமானம் எங்கோ ஒரு மியூசியத்தில் நிற்பது இணையத்தில் கிடைத்தது. கூட்டம்தான் சிக்கல். போனில் இருக்கும் செயலியிடம் கேட்டுப் பார்த்தாள். அது பெரிய தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக எந்த ஊரிலும் இல்லாத மனிதர்களைக் கொடுத்தது. எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். அவள் அழித்துவிட்டாள்.

கடைசியில் தன் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தாள். இருபது வருஷத்து முகங்கள் அதில் இருந்தன. காது வளர்த்துத் தண்டட்டி போட்டவர்கள், குடுமி வைத்தவர்கள், ரவிக்கை போடாத தோளில் சேலையை இழுத்துவிட்டவர்கள். இந்த மண்ணின் முகம் இதைவிட அசலாக வேறெங்கும் இல்லை. ஐம்பத்தெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து ஏரிக்கரையில் நிறுத்தினாள். குழந்தைகளின் கண்ணை அவள் ஒருபோதும் திறந்ததில்லை, அந்த வேலையை மட்டும் வாங்க மாட்டாள். ஆகவே கூட்டத்தில் சேர்க்கச் சிறுமிகள் இல்லை. சிறிய எலும்பு கொண்ட மூன்று கிழவிகளை எடுத்து, சுருக்கத்தை நீக்கி, கன்னத்தை நிரப்பி, முடியைக் கறுப்பாக்கிப் பெண் பிள்ளைகளாக்கினாள். அதில் ஒருத்தி மாடுகளுக்கு வலப்புறம், கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றாள்.

வாத்தியார் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா ரஞ்சிதா, நாஞ் சொன்னது ஏரோப்ளேன் பாக்க வந்த கூட்டம். இவங்க எங்க அதைப் பாக்கறாங்க? நம்மளையல்ல பாக்கறாங்க."

"ஆமாங்க சார். எல்லாம் நேராப் பாத்து உக்காந்த மூஞ்சிங்க."

"எந்திரிச்சு நிக்க வெச்சயல்ல, திரும்பிப் பாக்கவும் வெய்யி."

"கழுத்து திரும்புமுங்க சார். கண்ணு திரும்ப மாட்டேங்குது."

அவர் ஒரு முகத்தைச் சுட்டினார். "இவரு யாரு?"

"மோகனூருங்க. செத்து ஒம்பது வருசமாச்சு."

"இது?"

"இதும் செத்தவங்கதானுங்க. எல்லாருமே."

வாத்தியார் கையைப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டார். "அத்தனை பேருமா?"

"நாப்பத்தாறுல நின்னவங்க இப்ப உசுரோடவா சார் இருப்பாங்க?"

கணக்கில் பிழையில்லை. ஆனாலும் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தபடியே படியிறங்கினார்.

மாடு இழுக்கும் படத்தின் மாதிரிப் பிரதி ஒன்றைப் பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டில் ஊசி குத்தி வைத்தார்கள். தப்பு இருந்தால் வயசானவர்கள் சொல்லட்டும் என்று. யாரும் தப்பு சொல்லவில்லை. ஒருவர், வெள்ளைக்காரனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தது தன் பெரியப்பாதான், இதோ நிற்கிறார் என்றார். அவர் காட்டிய முகம் மோகனூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவருடையது. கல்லேரிப்பட்டிப் பக்கமே வராதவர். இன்னொருவர் தன் அப்பா வடக்கயிறு பிடித்ததைச் சின்ன வயசில் பலமுறை கேட்டதாகச் சொல்லி அழுதார். வாத்தியார் போனில் இதையெல்லாம் ரஞ்சிதாவிடம் சொன்னார். மனிதர்கள் ஞாபகம் வைத்திருப்பதற்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள், இடம் கிடைத்தால் ஞாபகம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதை நல்லதென்று சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு ஒரு பெரியவர் மாடியேறி வந்தார். எண்பத்தைந்து வயது இருக்கும். மேல்மூச்சு வாங்கியது. மஞ்சள் பையிலிருந்து அந்தப் பிரதியை எடுத்து மேசைமேல் விரித்தார். நோட்டீஸ் போர்டிலிருந்து கிழித்துக்கொண்டு வந்திருந்தார். நான்கு மூலையிலும் ஊசி குத்திய கிழிசல்.

"அம்மிணி, இதச் செஞ்சது நீங்கதானுங்களா?"

"நானேதானுங்க. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. மாடுகளுக்கு வலப்புறம் தள்ளி நின்ற பெண்ணின் மேல் விரலை வைத்தார்.

"இவளை எங்க புடிச்சீங்க?"

"ஏனுங்க?"

"இவ என்ற அக்கா. ஆராயி."

அவர் பெயர் கண்ணுசாமி. விமானம் பறந்த அன்றைக்கு அவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றாள். விமானத்துக்கு முன்னால் சிதறுகாய் உடைத்தார்கள். பையன்கள் பாய்ந்தார்கள். அவரும் கையை உதறிக்கொண்டு பாய்ந்தார். அதற்குள் இன்ஜினைப் போட்டுவிட்டார்கள். ஏரி முழுக்கப் புழுதி. புழுதி அடங்கியபோது அக்கா இல்லை.

"ஏரி மேட்டுல ஒரு கெணறு இருந்துச்சுங்க. மூணு நாள் பாதாளக்கரண்டி போட்டுத் தேடுனாங்க. வாளி வந்துச்சு, கொடம் வந்துச்சு, அவ வல்லை. அம்மா, ஏரோப்ளேன்ல ஏத்திட்டுப் போயிட்டான்னு சொல்லும். அப்பன், கெணத்துச் சேத்துல பூந்துட்டாம்பாரு. ரெண்டு பேருமே என்னைய ஒண்ணும் கேக்கலை." அவர் தன் வலது கையைப் பார்த்தார். "கைய உட்டது நானு. கையில ஒரு துண்டுத் தேங்கா இருந்துச்சு. அதைத் தின்னு போட்டுத்தானுங்க அழுதேன்."

ரஞ்சிதா தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை.

"எனக்கு அவ மூஞ்சி மறந்து முப்பது நாப்பது வருசமாச்சுங்க அம்மிணி. கண்ணு மட்டும் நெனப்பிருக்குது. என்னைய வெய்யறப்ப இப்பிடித்தான் பாப்பா. இது அதே கண்ணு. நீங்க எங்கிருந்தோ எடுத்திருக்கோணும். அந்தப் படம் எங்க இருக்குதுன்னு சொன்னாப் போதும். செத்தாளா பொழைச்சாளான்னு ஒரு வார்த்தை எனக்குத் தெரியோணும். நானும் போற காலந்தான்."

"பாத்துச் சொல்றனுங்க," என்றாள் ரஞ்சிதா. போன் நம்பர் வாங்கிக்கொண்டாள்.

அவர் இறங்கிப் போனதும் ஃபைலைத் திறந்தாள். சிறுமியாக்கிய வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நீக்கிக்கொண்டே போனாள். கறுப்பு முடி போனது. நிரம்பிய கன்னம் போனது. சுருக்கங்கள் திரும்பி வந்தன. அடியில் ஒரு கிழவி இருந்தாள். ஃபைலின் பெயர்: வேலூர் சென்றாயன் அம்மா, 2013.

பரமத்தி வேலூர். வெற்றிலைத் தோட்டக்காரர். அவளுக்கு நினைவு வந்தது. பெயர் அத்தாயி, எழுபத்தொன்பது வயது. ரத்த சொந்தத்தின் கண் கேட்டபோது அந்தச் சென்றாயன் போனில் சொன்னார்: "அதுக்கு யாருமே இல்லீங்க. எங்கப்பாவுக்கு ரெண்டாந்தாரம். நான் மொதத் தாரத்து மகன். புள்ளை குட்டியும் இல்லை." மறுநாள் காலைக்குள் படம் வேண்டும் என்றார். ரஞ்சிதா ஜன்னலோரம் நின்று, கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, தன் கண்ணை எடுத்து அந்த முகத்தில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தபோது அத்தாயி அவளைப் பார்த்தாள். அனுப்பிவிட்டாள்.

ஆகவே கண்ணுசாமி எழுபத்தொன்பது வருஷமாக மறக்காமல் வைத்திருந்த கண், ரஞ்சிதாவின் கண்.

அவள் எழுந்து கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெரியவர் தவறாக அடையாளம் கண்டிருக்கிறார் என்று முடித்துவிடலாம். ஆனால் ஐம்பத்தெட்டு முகங்களிலும் அவள் யாரோ ஒருவருடைய கண்ணைப் பொருத்தியிருந்தாள். அவர் ஏன் சரியாக இந்த ஒருத்தியிடம் வந்து நின்றார்? எலும்பு ஏதோ சொல்லியிருக்கலாம், கண்தான் சொன்னது என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கலாம். அல்லது எதுவுமே சொல்லியிருக்காது. நாம் எதைக் கொண்டு ஒருவரை அவர்தான் என்று அறிகிறோம் என்று நமக்கே தெரிவதில்லை. தெரியாமலே இருக்கும்வரைக்கும் அது வேலை செய்கிறது.

வாத்தியாரைக் கூப்பிட்டாள். டைரியின் பதினோராவது வரியை அவர் போனில் படித்தார்: 'மாலையில் பெண் பிள்ளை ஒன்று காணோம் என்றார்கள்.'

"இத ஏன் சார் எங்கிட்டச் சொல்லலை?"

"விழாப் படத்துக்கு அது எதுக்கும்மா? அந்தப் புள்ளையை எடுத்துரு. படத்துல நின்னா, நின்னதாவே ஆயிரும்."

மறுநாள் பஸ் ஏறி வேலூர் போனாள். தோட்டம் ஆற்றுக்குப் போகும் வழியில் இருந்தது. அகத்தி மரங்களில் கொடி ஏறி, பகலிலேயே உள்ளே பச்சை இருட்டு. சென்றாயன் வாழைநாரால் வெற்றிலைக் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தவர் கட்டைக் கீழே வைத்தார்.

"உங்கள எங்கியோ பாத்திருக்கறனுங்களே."

"போன்லதானுங்க பேசியிருக்கறோம். நாமக்கல்லு. உங்க சின்னம்மா படம் செஞ்சவ."

"இல்லீங்க, மூஞ்சி பாத்த மூஞ்சி. தெனமும் பாக்கற மாதர இருக்குது. சரி, ஊட்டுக்குப் போலாம் வாங்க."

கூடத்துச் சுவரில் அத்தாயி இருந்தாள். சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, மேலே சின்ன சிவப்பு பல்பு. ரஞ்சிதா உட்கார்ந்த இடத்துக்கு நேராக, அவளுடைய முப்பத்தைந்து வயதுக் கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடம் மாறி உட்கார்ந்தாள். அங்கும் வந்தது. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டின் சாப்பாட்டையும் சண்டையையும் தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

"சின்னம்மாவுக்குப் பொறந்த ஊரு எதுங்க?"

"அது யாருக்குந் தெரியாதுங்க. எங்கப்பா மோகனூர் பரிசல் தொறையில பாத்துக் கூட்டியாந்தாரு. அத்தாயின்னு பேரு வெச்சதும் அவருதானுங்க. பன்னெண்டு பதிமூணு வயசுப் புள்ளையாம். ஏதோ கூட்டம் பாத்துட்டுத் திரும்புன வண்டியில ஊரு மாறி ஏறிட்டான்னு பேச்சு. சந்தையோ கோயில் நோம்பியோ தெரியலை. தோட்டத்துல வேலை செஞ்சுட்டுக் கெடந்துச்சு. எங்கம்மா செத்த பொறகு அப்பா கட்டிக்கிட்டாரு."

"ஊருக்குப் போகோணும்னு கேக்கலையா?"

"நானே ஒருக்கா கேட்டனுங்க. 'அப்ப வழி தெரியலை சாமி. வழி தெரிஞ்சப்ப போகப் புடிக்கலை'ன்னுச்சு. அதோட சரி. ஒண்ணு மட்டும் அதிசயமா இருக்கும். மேல ஏரோப்ளேன் போற சத்தம் கேட்டாப் போதும், வெத்தலைக் கொடிக்காலுக்குள்ள போயி நின்னுக்கும். சத்தம் போற வரைக்கும் வெளிய வராது. எலெக்சனுக்கு ஹெலிகாப்டர் வந்தப்ப வேலூரே ஓடுச்சு. இது கதவைச் சாத்தித் தாப்பா போட்டுக்குச்சு. நாங்க சிரிச்சோம்."

ரஞ்சிதா கண்ணுசாமியைப் பற்றிச் சொன்னாள். சென்றாயன் சுவரிலிருந்த படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அவருதான் சின்னம்மாவுக்குத் தம்பின்னு எப்பிடிங்க சொல்றது? ஊரு மாறி வண்டி ஏறுன புள்ளைங்க அந்தக் காலத்துல எத்தனையோ."

"தெரியலைங்க."

"அவரா இருந்தா நல்லதுங்க. சின்னம்மா பாடை எடுக்கறப்ப பொறந்த ஊட்டுக் கோடி போட ஆளில்லை. பங்காளிக பொம்பளைங்கெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி அழுதாங்க. கோடியில்லாமத்தான் போச்சு."

ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடியாக ஒரு புதுச் சேலை வந்து அவள்மேல் விழ வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவருவார்கள். அது வராமல் எடுத்த உடலைப் பற்றி இந்தப் பக்கத்தில் வெகுநாள் பேசுவார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். கண்ணுசாமியிடம் அக்கா பிழைத்திருந்தாள் என்று மட்டும் சொல்லலாம். அவர் நம்புவார். கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டால் எல்லாம் நல்லபடி முடியும். ஆனால் அவர் நம்பியதே அந்தக் கண்ணைத்தான். பொய்யில் நின்றுகொண்டு உண்மையைப் பெற்றால், அவர் பெற்றது எது? அதைச் சொல்லிவிட்டால், எழுபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு வந்த ஒரே பதிலையும் அவர் கையிலிருந்து பிடுங்குவதாகும். நாமக்கல் வரும்வரை அவளுக்கு முடிவு தெரியவில்லை. கண் மூடிய அசல் படத்தைப் பிரிண்ட் போட்டபோதுதான் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் காலை கல்லேரிப்பட்டியில் கண்ணுசாமி வாசலிலேயே நின்றிருந்தார். மருமகள் மலர்விழி பாய் விரித்தாள்.

"வேலூருங்களா?" என்றார், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "நாப்பது கல்லு தொலைவுகூட இல்லியே."

"இன்னொண்ணு இருக்குதுங்க. நீங்க அக்கா கண்ணுன்னு சொன்னீங்களே, அது என்ற கண்ணு." எப்படி நடந்தது என்று சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

மலர்விழி, "ஐயோ, என்னங்க இது!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்ணுசாமி ரஞ்சிதாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். அவள் தலை குனியாமல் இருந்தாள்.

"அப்ப அவ கண்ணு எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார். அவளிடம் கேட்டதாகத் தெரியவில்லை. "இப்ப நெனைச்சா உங்களதுதான் வருது. வேற வல்லையே."

ரஞ்சிதா கவரிலிருந்து அசல் படத்தை எடுத்தாள். நாற்காலியில் சாய்ந்த கிழவி. மூடிய கண். கழுத்தடியில் தாடைக்கட்டு அவிழ்ந்து தொங்குகிறது. எந்த வேலையும் செய்யாத படம்.

"இதுல நான் கை வெக்கலைங்க. பாருங்க. இல்லைன்னாலும் இல்லைன்னே சொல்லுங்க."

அவர் படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். மலர்விழியைக் கூப்பிட்டார்.

"இங்க வா. இது யாரு?"

மலர்விழி எட்டிப் பார்த்தாள். "தெரியலைங் மாமா."

"நீ பாத்ததில்லை. நீ வர்றதுக்கு முன்னாலயே போயிருச்சு. இது என்ற அம்மா. எம்பத்தாறுல செத்துச்சு. இதே அகல மோவாய், இதே மூக்கு. இப்பிடித்தான் நாற்காலியில உக்கார வெச்சோம். நாந்தான் தாடைக்கட்டு கட்டுனேன்." படத்தை மடியில் வைத்துக்கொண்டார். "ஆராயி அம்மாவாட்டமே வயசாயிருக்கறா."

சிறுமியின் முகத்தை அவர் மறந்திருந்தார். ஆனால் செத்த தாயின் முகத்தை மறக்கவில்லை. ரஞ்சிதா எந்தக் கண்ணையும் திறக்காமல் இருந்திருந்தால் அவர் இந்தப் படத்திடம் வந்திருக்கவே மாட்டார், திறந்ததால்தான் தப்பாக வந்தார். அதை நினைக்க அவளுக்குப் பெருமையாக இல்லை.

அவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார். உடுத்த வேட்டியோடே தலைக்கு மூன்று குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மலர்விழியும் ஊற்றிக்கொண்டாள். சாவுச் செய்தி வந்தால் செய்ய வேண்டியது. வெயில் ஏறிய நேரத்தில், யாரும் அழாத வாசலில் இரண்டு பேர் நனைந்து நின்றார்கள்.

"அந்தப் படத்துல இருந்து அவளை எடுத்துருங்க அம்மிணி," என்றார் தலையைத் துவட்டாமல். "அவ அங்க நிக்கலை. நான் கைய உட்டதும் போயிட்டா. நின்ன மாதர மாட்டாதீங்க."

அதற்கடுத்த நாள் மூவரும் வேலூர் போனார்கள். எருமப்பட்டியில் மலர்விழி ஒரு புதுச் சேலை எடுத்தாள், அரக்கு நிறம். சென்றாயன் எதிரே வந்து கண்ணுசாமியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். "வாங்க மாமா," என்றார். அந்த வார்த்தையைச் சொல்ல அவர் ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு சரியாக வந்தது.

சுவரிலிருந்து படத்தை இறக்கி, துடைத்து, ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். கண்ணுசாமி சேலையைப் பிரித்தார். மடிப்பை உதறி, இரண்டு கையாலும் படத்தின்மேல் போர்த்தினார். "ஆராயி," என்றார். "தேங்காய்க்கு ஆசைப்பட்டுட்டேன்." துணி மெதுவாக வழிந்து நெற்றியை மூடி, கண்ணை மூடியது. பின்னால் நின்ற ரஞ்சிதாவுக்கு ஒரு நொடி கூடத்தின் வெளிச்சம் குறைந்தது போலிருந்தது. அவள் கண் சிமிட்டவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

பெண்கள் அழுது ஓய்ந்ததும் ஒரு சங்கடம் வந்தது. சென்றாயன்தான் சொன்னார். "படத்தை மறுபடி மாட்டறதுன்னாத் துணியை எடுக்கோணும். போட்ட கோடியை எடுக்கறது எங்கியும் கேட்டதில்லீங்களே மாமா."

"எடுக்கக் கூடாது," என்றார் கண்ணுசாமி.

"சேலையோடவே மாட்டறதுங்களா?"

"கோடி போட்ட பொறகு ஊட்டுல வெக்கறதில்லை, சாமி."

ஆகவே நான்கு பேர் அந்தப் படத்தைச் சேலையோடு தூக்கிக்கொண்டு காவிரிக்கு நடந்தார்கள். முழங்கால் ஆழத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சென்றாயன் இறங்கிப் படத்தைத் தண்ணீரில் விட்டார். ஃபிரேம் முதலில் மிதந்தது. நனைந்த துணி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள, அடியில் இரண்டு கருமையான இடங்கள் தெரிந்தன. ரஞ்சிதா அதைத்தான் பார்த்தாள், மற்றவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள். கொஞ்ச தூரம் போய்ச் சாய்ந்து உள்ளே இறங்கிற்று.

பஸ் நிறுத்தத்தில் கண்ணுசாமி அவளிடம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், தோளுக்கு மேலே எங்கோ பார்த்துப் பேசினார்.

"உங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை அம்மிணி. நல்லது செஞ்சீங்க. ஆனா ஒண்ணு. நீங்க இனி எம் முன்னால வராதீங்க. அவ கண்ணு எப்பிடி இருந்துச்சுன்னு நான் தேடிப் பாக்கோணும். கெடைக்குமான்னு தெரியலை. உங்களப் பாத்துட்டே இருந்தாக் கெடைக்கவே கெடைக்காது."

"சரிங்க," என்றாள்.

நாமக்கல் பஸ் வந்தது. மலர்விழி அவரைக் கைபிடித்து ஏற்றினாள். இடம் நிறைய இருந்தது. கண்டக்டர், "ஏறுங்க அக்கா, ஏறுங்க," என்று சத்தம் போட்டான். ரஞ்சிதா ஏறவில்லை. கையை ஆட்டி அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நின்றாள்.